தோழமைச் சொற்கள்

உரோமானியர் பேசிய இலத்தீன் மொழி, அவர்தம் பேரரசு சிதைந்தபின் நாட்டுக்கு நாடு திரிந்து, இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம், போர்த்துகீசியம், ருமேனியம் முதலிய மொழிகளாகக் கிளைத்தது. இம்மொழிகளில் நண்பனைக் குறிக்கும் சொற்களை ஆராய்ந்தால், நட்பு எவ்வெவற்றில் வேர்கொள்வதாக மக்கள் எண்ணினர் என்பது புலனாகும்.

இலத்தீனில் நண்பன் 'அமீக்குஸ்' எனப்பட்டான். 'அன்பு செய்தல்' என்னும் பொருள்தரும் 'அமாரே' என்பதோடு உறவுடையது இச்சொல். இத்தாலியர் இதனை 'அமீக்கோ' என்பர். ஸ்பானியரும் போர்த்துகீசியரும் 'அமீகோ' என்பர். 'பக்கம்' என்பதில் வலிந்து ஒலிக்கும் ககரம் 'பகல்' என்பதில் மெலிதல் போன்றது இது. பிரெஞ்சிலோ அவ்வொலி அடியோடு மறைந்து 'அமி' என நின்றது. ருமேனியர் மட்டும் அண்டை வாழ்ந்த ஸ்லாவியரிடமிருந்து 'பிரியேத்தென்' என்னும் சொல்லைப் பெற்றனர். நாம் வழங்கும் 'பிரியம்' என்னும் வடசொல்லுக்கும் அதற்கும் மூலவேர் ஒன்றே என்பது வியப்பன்றோ!

அன்பைக் காட்டிலும் உணவைச் சுட்டும் சொல்லே எனக்குப் பெரிதும் இனிக்கிறது. பிற்கால இலத்தீனில் தோழனுக்குக் 'கொம்பானியோ' என்று பெயர். 'கொம்' என்றால் உடன். 'பானிஸ்' என்றால் ரொட்டி. ஒரு ரொட்டியை உடனிருந்து உண்பவனே தோழன். காத்தியர் என்னும் செருமானியக் குலத்தாரும் இவ்வாறே பொருள்படும் ஒரு சொல்லை வழங்கினர்; அதனைப் பின்பற்றியே இலத்தீன் சொல் அமைந்தது என்பர் அறிஞர். இலங்கைத் தமிழர் கூறும் 'பாண்', போர்த்துகீசியர் வழியே வந்த அந்தப் 'பானிஸ்' தான்.

பிரெஞ்சில் இச்சொல் எழுவாயில் ஒரு வடிவும், பிற வேற்றுமைகளில் வேறொரு வடிவும் பெற்றிருந்தது. நாளடைவில் அவை இரு சொற்களாகவே பிரிந்தன. 'கொப்பேன்' என்பது நெருங்கிப் பழகும் கூட்டாளி. 'கொம்பஞ்ஞோன்' என்பது வழித்துணைவனும் வாழ்க்கைத்துணைவனும் ஆம்.

ஸ்பானியப் படைவீரரோ உறையுளால் நட்பை அளந்தனர். 'காமரா' என்றால் அறை. ஓரறையில் தங்கிய வீரர் குழு 'கமராதா' எனப்பட்டு, பின்னர் அக்குழுவில் ஒருவனுக்கும் அதுவே பெயராயிற்று. தொழிற்சங்க மேடைகளில் நாம் கேட்கும் 'காம்ரேடு' இதன் வழிவந்ததே.

ரொட்டி பகிர்ந்த சொல்லும் நம் நாட்டை அடைந்தது. தோழர் கூட்டத்தைக் குறித்த பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்தில் புகுந்து 'கம்பெனி' ஆயிற்று. 1600-ஆம் ஆண்டில் இலண்டனில் தோன்றிய கிழக்கிந்திய வணிகக் குழுவும் அப்பெயரையே பூண்டது. கட்டபொம்மனைப் பற்றிய நாட்டுப் பாடல்களில் பகைவராக வரும் 'கும்பினியார்' அவர்களே.