கலப்புக் கால்பந்தாட்டமும் அதன் விதிகளும்

ஆடவரும் மகளிரும் ஒரே அணியில் நின்று ஆடும் கால்பந்தாட்டத்தை ஈண்டுக் கலப்பாட்டம் என வழங்குவோம். பட்டமும் பரிசும் கருதாது, மாலைப் பொழுதில் உடல்நலமும் உவகையும் கருதி ஆடப்படுவது இது. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய மேற்குப் புறநகர்களிலிருந்து நம் கல்லூரிக்கு வரும் மாணவர் இதனை நன்கறிவர். அறியாதாரும் நம்முட் பலராதலின், இதன் விதிகளையும் அவற்றிற்குரிய காரணங்களையும், யாம் கண்டும் ஆடியும் அறிந்த அளவில் எடுத்துரைக்கப் புகுந்தோம்.

மகளிர் பந்தாடுதல் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. சங்கச் செய்யுட்களில் பந்தும் கழங்கும் மகளிர்க்குரிய விளையாட்டாகவே வருகின்றன. திருக்குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடும் பகுதியைத் தமிழ் மாணவர் யாவரும் அறிவர். ஆயினும் அது கையாற் புடைத்தாடும் பந்து. தோழியர் சூழ ஆடியது. காலால் உதைத்தாடுவதும், ஆடவரோடு ஓரணியில் நிற்பதும் பிற்காலத்தன. பழம்பெருமை பேசும் நண்பர்கள் இவ்வேறுபாட்டை எளிதில் மறந்துவிடுகின்றனர்.

ஆவடியிற் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தது 1960-களில். அவற்றையடுத்த குடியிருப்புகளின் திடல்களில் ஞாயிறுதோறும் பந்துதைப்போர் பெரும்பாலும் ஆடவரே. அண்மை ஆண்டுகளில் நிலை சிறிது மாறியுள்ளது. செயற்கைப் புல் பரப்பி, நாற்புறமும் மேலும் வலைகட்டி, இரவில் மின்னொளி பாய்ச்சி, மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் ‘டர்ஃப்’ என்னும் ஆடுகளங்கள் இப்பகுதிகளிற் பல தோன்றியுள்ளன. அலுவல் முடித்து வரும் இளைஞரும் இளம்பெண்களும், கல்லூரி மாணவரும், வாடகையைப் பங்கிட்டுக்கொண்டு அங்கே ஆடுகின்றனர். கலப்பாட்டம் இப்பகுதியில் வேரூன்றியது இவ்வாறேயாம்.

இனி விதிகளைக் காண்போம். உலகெங்கும் வழங்கும் கால்பந்துச் சட்டங்கள் பதினேழு. 1886-இல் நிறுவப்பெற்ற பன்னாட்டுச் சட்டவாரியம் அவற்றைக் காத்துவருகின்றது. சிறார், முதியோர், உடற்குறையுடையோர், பொழுதுபோக்கிற்காக ஆடுவோர் ஆகியோர்க்கென ஆடுகளத்தின் அளவு, பந்தின் அளவு, ஆட்டநேரம், மாற்று ஆட்டக்காரரின் வரவு முதலியவற்றை அந்தந்த நாட்டுக் கழகங்கள் மாற்றிக்கொள்ள அவ்வாரியமே இடந்தந்துள்ளது. ஆதலின் கலப்பாட்டத்திற்கெனச் சில விதிகளை வகுத்துக்கொள்ளுதல் சட்டத்தை மீறுவதாகாது. சட்டம் தந்த உரிமையைப் பயன்கொள்வதேயாம்.

சிறுகளத்தில் ஆடுவோர்க்குத் தாய்விதிகளாய் அமைந்தவை ‘ஃபுட்சால்’ விதிகள். உருகுவே நாட்டின் மாண்டிவிடியோ நகரில், ஒய். எம். சி. ஏ. சங்கத்தைச் சார்ந்த ஆசிரியர் ஹுவான் கார்லோஸ் செரியானி என்பார் 1930-இல் அவ்வாட்டத்தைத் தோற்றுவித்தார். நம் சென்னையில் 1920-இல் ஹாரி குரோ பக் என்பார் உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கியதும் அதே சங்கத்தின் சார்பிலேயாம். ஃபுட்சாலில் அணிக்கு ஐவர், கோல் 3 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் உடையது, ஆஃப்சைடு இல்லை. பந்து எல்லைக்கோட்டைக் கடந்தால் கையால் எறியாது கோட்டின்மேல் வைத்துக் காலால் உதைத்தல் வேண்டும். அதுவும் 4 நொடிக்குள். பந்தின் சுற்றளவு 62 முதல் 64 சென்டிமீட்டர். பெருங்களத்துப் பந்தின் சுற்றளவோ 68 முதல் 70. சிறிய பந்து துள்ளுவதும் குறைவு, காலடியில் நிற்கும், தலைக்குமேற் பறப்பது அரிது. அதனால் உடல் வலிமையினும் காலின் நுட்பம் முந்துகின்றது. கலப்பாட்டத்திற்கு இதைவிட ஏற்ற பந்து இல்லை என்போம்.

அடுத்தது எண்ணிக்கை. ஐவர் அணியில் ஒருபாலார் இருவரேனும், எழுவர் அணியில் மூவரேனும் எப்பொழுதும் களத்தில் இருத்தல் வேண்டும் என்பது நல்ல வழக்கு. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கோல் காப்பவரை இவ்வெண்ணிக்கையிற் சேர்த்தலாகாது. சேர்த்தால் என்னாகும்? ஒரு பெண்ணைக் கோலில் நிறுத்திவிட்டு, ‘விதி நிறைவேறிற்று’ என்பர். அவள் விரும்பிக் காப்பாளாயின் நன்றே. ஓடியாட வந்தவளைக் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தி வைத்தல் நன்றன்று. ஆதலின் காப்பாளரை நீக்கி எண்ணுதலும், ஆட்டப்பாதிதோறும் காப்பாளரை மாற்றுதலும் வேண்டும்.

எண்ணிக்கை விதி மகளிரைக் களத்திற்குக் கொணரும். பந்தை அவர்பாற் கொணராது. கலப்பாட்டத்தின் தலையாய இடர் இதுவே. மேற்குப் புறநகர்க் களங்களில் யாம் பன்முறை கண்ட காட்சி இது: வலப்புறத்தே ஒரு பெண் தனித்து நிற்பாள், அவளைத் தடுப்பாரும் இலர், கையுயர்த்தி அழைப்பாள். பந்துடைய இளைஞனோ எதிரணியார் மூவரிடையே புகுந்து பந்தை இழப்பானேயன்றி அவளுக்குத் தாரான். அவன் கொடியவன் அல்லன்; அவள் அங்கே நிற்பதை அவன் கண் காண்கிறது, கால் காண்பதில்லை. இவ்வாறு ஒரு மணிநேரம் ஓடி, விரல்விட்டு எண்ணத்தக்க முறையே பந்தைத் தொட்ட பெண், இரண்டு வாரம் வருவாள், மூன்றாம் வாரம் தேர்வு என்பாள், பின்னர் வாராள். ‘பெண்களுக்கு ஆட்டத்தில் ஊக்கமில்லை’ என்று அக்குழுவினர் முடிவு கட்டுவர்.

திறமையின்மை இதற்குக் காரணமாகாது. 2018-இல் தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியின் இறுதியாட்டத்தில், பன்முறை வாகைசூடிய மணிப்பூரை வென்று பட்டங்கொண்டது தமிழ்நாடு. மறு ஆண்டே மதுரைச் சேது கழகம் இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடியவர். இன்னோர்க்குப் பந்து இளமையிலேயே கிட்டியது, ஏனையோர்க்குக் கிட்டவில்லை. வேறுபாடு பெரிதும் பயிற்சியால் வருவது. ஹாலந்தில் எல்லன் ஃபொக்கெமா என்னும், 2020-இல் பத்தொன்பது வயதினராயிருந்த நங்கை, ஐந்து வயது முதல் தம் ஊர்க் கழகத்தில் ஆண்பிள்ளைகளோடு ஆடிப் பழகியவர். 2020-இல் அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் அவரை அக்கழகத்தின் ஆடவர் முதலணியிலேயே ஆட இசைந்தது. அப்போதைய அவர் வயதே நம்மிற் பலரது வயதும் என்பது எண்ணத்தக்கது.

இவ்விடரை நீக்கப் பற்பல விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. அமெரிக்க நாட்டுப் பொழுதுபோக்குக் கழகங்கள் சிலவற்றில் பெண் இட்ட கோலுக்கு இரண்டு புள்ளி. இதனை யாம் ஒப்புகின்றிலம். பயன் சிறிது உண்டு என்பதை மறுக்கவில்லை. எண்ணிக்கை கருதியேனும் பந்து அவள்பாற் செல்லும். ஆயின், ‘உன் கோல் அரியது, ஆகவே இரட்டிப்பு’ என்று ஒவ்வொரு முறையும் அவளுக்கு அறிவித்தலன்றோ அது? திறமுடையாள் அதனால் நாணுவாள், எதிரணியார் முணுமுணுப்பர்.

கொலம்பியாவின் மெடெயின் நகரில் தோன்றிய விதியோ வேறொரு நோக்கமுடையது. 1994 உலகக் கோப்பையில் தவறுதலாய்த் தன் கோலிலேயே பந்தைச் செலுத்திய ஆந்திரேஸ் எஸ்கோபார் என்னும் வீரர், நாடு திரும்பியபின் அந்நகரிற் சுட்டுக்கொல்லப்பட்டார். அப்போது அங்கே தங்கியிருந்த ஜெர்மானியர் யூர்கன் கிரீஸ்பெக், வன்முறை மலிந்த அந்நகரத் தெருக்களில் அமைதிக்கான கால்பந்து என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். அதில் ஆண்களோடு பெண்களும் ஆடினர். முதற்கோலைப் பெண்ணே இடுதல் வேண்டும். அதன் பின்னரே ஆடவர் கோல் செல்லும். கோல் ஒன்றே விழாது வீம்பு பேசி நின்றால் ஆட்டமே நடவாது! பந்தைத் தாராத இளைஞன் தன் நலங்கருதியே தரக் கற்றான். நடுவரும் இலர், ஆட்டத்திற்கு முன் இரு அணியாரும் கூடி விதிகளை இசைந்துகொள்வர், ஆட்டத்தின் பின் கூடி, நேர்மைக்கும் புள்ளி இடுவர். முன்னுரையாடல், ஆட்டம், பின்னுரையாடல் என மூன்று பகுதியுடைய இம்முறை இன்று பல நாடுகளிற் பரவியுள்ளது. 2010-இல் தென்னாப்பிரிக்காவின் அலெக்சாந்திராவில் ஃபிஃபா நடத்திய விழாவில் 32 கலப்பணிகள் நடுவரின்றியே ஆடின.

பிரித்து நிறுத்துதல் மற்றொரு வழி. 1902-இல் ஆம்ஸ்டர்டாம் நகர ஆசிரியர் நிக்கோ புரூக்ஹைசன் வகுத்த ‘கோர்ஃப்பால்’ என்னும் கூடைப்பந்தொத்த ஆட்டத்தில் அணிக்கு நால்வர் ஆடவர், நால்வர் மகளிர். ஆடவனை ஆடவனும் பெண்ணைப் பெண்ணுமே தடுக்கலாம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுதல் கூடாத அவ்வாட்டத்தில் இது இயலும். ஓயாது இடம் மாறும் கால்பந்தில், யாரை யார் தடுப்பது என்று ஆராய்வதற்குள் பந்து வலைக்குள் சென்றுவிடும்.

எம் கருத்தில் மிகச் சிறந்தது மூன்று தொடுகை விதி. எவரும், ஆணாயினும் பெண்ணாயினும், தொடர்ந்து மூன்று முறைக்குமேற் பந்தைத் தொடலாகாது. நான்காம் தொடுகைக்கு எதிரணியார்க்குத் தடையிலா உதை. பயிற்சிக் களங்களில் நெடுங்காலமாக வழங்கும் முறையே இது. இவ்விதியில் பெண் என்னும் சொல்லே இல்லை என்பதை நோக்குக. யார்க்கும் சலுகை தராது, வல்லவனின் கால்களை மட்டும் கட்டுகின்றது. அவன் நிமிர்ந்து பார்த்தே தீரல் வேண்டும்; பார்த்தால் தனித்து நிற்பவள் கண்ணிற் படுவாள். பந்தும் செல்லும். முதல் நாள் தடுமாறும் ஆட்டம், சில மாலைகளில் முன்னினும் விரைவுடையதாகின்றது.

மோதல் பற்றிய விதிகள் சுருக்கமானவை, விட்டுக்கொடுக்கத் தகாதவை. சறுக்கிப் பந்தைப் பறித்தல் அறவே கூடாது. பெருங்களச் சட்டத்தில் அது தானே குற்றமன்று. ஆயினும் செயற்கைப் புல்லில் சறுக்குவோன் தோலுரிவதோடு எதிரே நிற்பார் முழங்காலும் சிதையும். முழங்கால் தசைநார் அறுதல் ஆடவரினும் மகளிர்க்கு மிகுதியாய் நேர்வது என்பது மருத்துவர் கண்ட உண்மை. பின்னிருந்து இடித்தலும், வலையோரம் அழுத்துதலும் குற்றம். தலையால் முட்டுதலை விலக்குதல் நன்று. அணித்தே நிற்பவர்மேல் வலிந்துதைத்தலும் குற்றமே. அவர் ஆடவராயினும் அஃது அவ்வாறே. ‘பெண் வந்தாள், ஆகவே மெல்ல ஆடினேன்’ என்று சிலர் பந்தை விட்டு விலகிக்கொள்வதும் உண்டு. அது குற்றமன்றாயினும் மரியாதையுமன்று. பந்தைப் பறிக்கலாம், ஆளைத் தொடலாகாது.

ஆடுவோர் நினைத்தபோதெல்லாம் வெளியேறி மீண்டும் புகலாம். வேனிற்கால மாலையில் ஆவடிக் களங்களின் வெக்கையை அறிந்தார் இதன் அருமையை அறிவர். வெளியேறுபவர் கோட்டைக் கடந்த பின்னரே மாற்றாள் புகுதல் வேண்டும். வழக்கு எழுந்தால் குற்றம் செய்தாரே கையுயர்த்தி ஒப்புதல் முறை. ஒப்பாவிடின் இரு அணித்தலைவரும் பேசித் தீர்க்க. தீராவிடின் பந்தை நடுவில் இட்டு ஆட்டத்தைத் தொடர்க. அணிதோறும் தலைமை இருபாலார்க்கும் மாறிமாறி வருதல் நன்று. ஏனெனில் வழக்குப் பேசும் உரிமை தலைவர்க்கே உரியது.

இறுதியாக ஒன்று. குறித்த நேரத்தில் போதிய மகளிர் வாராவிடின் என்செய்வது? ‘இன்று மட்டும்’ என்று ஆடவரைக் கொண்டு இடத்தை நிரப்புதல் பெருவழக்கு. அந்த ‘இன்று’ நாள்தோறும் வரும். எதிரணி இசைந்து ஒருத்தியைத் தந்தால் நன்று; தாராவிடின் அவ்வணி ஒருவர் குறைந்தே ஆடுதல் வேண்டும். இது கடுமையான விதியென்பார் உளர். ஆயினும் இதனைக் கைக்கொண்ட குழுக்களில், ஆட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்னும் செய்தி முதல்நாளே மகளிர்க்குச் சென்று சேர்வதையும், களத்திலிருந்து அவர்கள் வீடு திரும்பும் வண்டிக்கு வழி பேசப்படுவதையும் யாம் கண்டுள்ளோம்.