தலவிலைக் கரையில் மாணாக்கரின் பகுதிநேரத் தொழில்

கல்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையிலே, கடலை நோக்கி அமைந்த சிற்றூர் தலவில. அங்குள்ள புனித அன்னம்மாள் தேவாலயத்துக்கு மார்ச், ஆகஸ்ட் மாதத் திருவிழாக்களின்போது யாத்திரிகர் பெருந்திரளாக வருவர். இத்தகைய கரையூர்களிலே மாணாக்கரை ஈர்க்கும் தொழில்கள் மூவகைப்படும்: திருவிழாக் கடைவேலை, கரைவலை இழுத்தல், குடாநாட்டின் மணல்நிலத் தோட்டங்களில் நீர் இறைத்தலும் களை பறித்தலும்.

இவற்றுட் கரைவலைத் தொழிலின் இயல்பு தனித்து நோக்கத்தக்கது. கடலில் வளைத்திட்ட வலையின் இருதலைக் கயிறுகளையும் கரையில் நின்று பலர் கூடி இழுப்பர். இதற்குரிய ஊதியம் கூலியன்று. பிடிபட்ட மீனின் பெறுமதியிற் பங்கேயாகும். ஆகவே வலை வெறிதாயின் உழைப்பும் வெறிதாகும். பிள்ளைக்கு எத்துணைப் பங்கு என்பது எழுத்தில் இன்மையால், அது சம்மாட்டியின் மனத்தையே சார்ந்தது. வலை காலையில் இழுக்கப்படின் பாடமும் கைந்நழுவும்.

சட்டம் வாளாவிருக்கவில்லை. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டம் பெண்கள், இளம் ஆட்கள், பிள்ளைகள் ஆகியோரின் தொழிலை ஒழுங்குபடுத்திற்று. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் தொழில் புரிதற்குரிய குறைந்த வயதை 14இலிருந்து 16ஆக உயர்த்திற்று. கடைகளில் வேலைநேரம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என 1954ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. 2016இல் தேசியக் குறைந்தபட்ச வேதனச் சட்டம் நாட்கூலிக்கு 400 ரூபா என்னும் கீழெல்லையை வகுத்தது. அத்தொகை பின்னர் உயர்த்தப்பட்டது.

எனினும் இவ்விதிகள் தொழில்கொள்வோன், தொழிலாளி, கூலி என்னும் மூன்றும் தெளிவாக விளங்குமிடத்தே எளிதிற் பயன்தருவன. பங்குமுறையிலும், உறவினர் கடையிலும், சில நாளே நிலைக்கும் திருவிழாப் பந்தரிலும் இம்மூன்றும் மயங்குகின்றன. அம்மயக்கத்தின் இழப்பு மாணாக்கனையே சாரும்.

தொழில் இழிவன்று; வறிய இல்லத்து மாணவனுக்கு அது புத்தகமும் உடையுமாகும். ஆயினும் பதினாறு வயது நிறைந்தவனும் வேலை தொடங்குமுன் ஊதியம் எவ்வளவு, நேரம் எத்துணை, ஓய்வு எப்போது என மூன்றையும் கேட்டறிதல் வேண்டும். அவ்வாறு கேட்கும் துணிவை அவனுக்கு ஊட்டுதல் ஆசிரியர், பெற்றோர் ஆகிய இருசாரார்க்கும் கடனாம். வகுப்பில் உறங்கும் மாணவனைக் கடியுமுன், முன்னைநாள் அவன் எத்தனை மணிநேரம் உழைத்தான் என வினவுதல் அக்கடனின் முதற்படியாகும்.