மேய்ச்சல் – 9: மாடு தொடாத கொடி

போன வாரம் காங்கேயத்துக் கொறங்காட்டில் நின்றோம். கிளுவை வேலி, கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம். அந்தப் பூமியில் முயல்மசால் விதைத்தவர் அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறார். இந்த வாரம் வந்திருப்பது ஜொகூருக்கு. இங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஆண்டுத் தொடக்கத்தில் சில வாரம் காய்ந்தால் அதையே வறட்சி என்கிறார்கள்.

பச்சைக்குப் பஞ்சமில்லை, பஞ்சம் புரதத்துக்குத்தான். முற்றிய நேப்பியர் புல்லில் புரதம் நூற்றுக்கு எட்டு, பத்து தேறினால் பெரிது. பயறுவகைத் தழையில் இருபதுக்கு மேல். கறவை மாட்டுக்கு அந்த வித்தியாசத்தை மூட்டைத் தீவனத்தால்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. அதில் சேரும் மக்காச்சோளமும் சோயாவும் பெரும்பாலும் கப்பலில் வருபவை.

இத்தனைக்கும் பயறுவகைக் கொடி இங்கே ஏக்கர் கணக்கில் கிடக்கிறது. குளுவாங், சிகாமட், லாபிஸ் வட்டாரத்தில் புதிதாக மறுநடவு செய்த தோட்டம் எதற்குள்ளும் நுழைந்து பாருங்கள். பால்மரமோ செம்பனையோ, கன்றுகளுக்கு நடுவே மண் தெரியாமல் கொடி மூடியிருக்கும். பியூரேரியா, சென்ட்ரோசீமா, கலோபோகோனியம் என்று கலந்து விதைப்பது தோட்டங்களின் நெடுநாள் வழக்கம். ஒரு கொடியை வேரோடு இழுத்துக் கழுவினால், வேரில் கடுகு கடுகாக முண்டுகள். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்தச் சிவப்பு இருந்தால் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் பி. அகமுத்துவும் பிரௌட்டனும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், இளஞ்செம்பனைத் தோட்டத்தில் இப்படிச் சேர்வது ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 150 கிலோ என்று கணக்கிட்டார்கள். யூரியாவில் சொன்னால் ஆறரை மூட்டை.

ஆனால் இதெல்லாம் மண்ணுக்குப் போட்ட தீனி. மாட்டை உள்ளே விட்டால் கொடியோடு செம்பனைக் கன்றின் குருத்தையும் சேர்த்துத் தின்னும். அதனால் முதல் சில ஆண்டு மாட்டுக்குத் தடை. ஓலை மாட்டின் வாய்க்கு எட்டாத உயரத்துக்குப் போன பிறகு, ஐந்தாறு ஆண்டு கழித்து விடலாம். அதற்குள் ஓலைகள் மேலே கோத்துக்கொள்ள, வெயில் இறங்காமல் கொடி செத்துப்போகும். மிஞ்சுவது பெரணியும் நிழல் தாங்கும் களையும். இலை விரித்திருக்கும்வரை கதவடைப்பு, கதவு திறக்கும்போது பந்தி முடிந்துவிட்டது. தோட்டத்துக் கொடியை நம்பி மாடு வளர்க்கலாம் என்று பேசுகிறவர்கள் இந்தக் காலக்கணக்கைச் சொல்வதே இல்லை.

இந்த மாடுகளின் வம்சமும் நம்மோடு வந்ததுதான். மலேசியக் கால்நடை ஏடுகளில் ‘உள்ளூர் இந்தியக் கறவை மாடு’ என்றே ஓர் இனம் பதிவாகியிருக்கிறது. தோட்டத் தொழிலாளர் கொட்டகையில் பெருகிய மாடு. லயத்துக்காரருக்கு மாடு சொந்தம், மேய்ந்த நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். எந்தக் கொடியை விதைப்பது என்று அவரை யாரும் கேட்டதில்லை.

கேட்டிருந்தால் மியூக்குனா பிராக்டியேட்டாவுக்கு அவர் தலையாட்டியிருக்க மாட்டார். நம் பூனைக்காலிக்கு உறவான கொடி. வடகிழக்கு இந்தியக் காட்டுச் செடி, கேரள ரப்பர் தோட்டங்களில் குடியேறி, அங்கிருந்து 1991இல் கோல்டன் ஹோப் நிறுவனத்தின் வழியாக மலேசியாவுக்கு வந்தது. ஜொகூரின் சமவெளி வெக்கையில் சரியாகக் காய்க்காததால் விதை இந்தியாவிலிருந்து வருகிறது. விலை அதிகம், ஆகவே ஒவ்வொரு விதையாக எடுத்து, தடித்த தோலின் ஓரத்தை நகவெட்டியால் நறுக்கி, பையில் முளைக்கவைத்து நடுகிறார்கள். ஆழ வேர்விடும், காய்ச்சல் தாங்கும், நிழலையும் ஓரளவு பொறுக்கும், களையை அமுக்கிவிடும். தோட்ட நிர்வாகிக்கு இதைவிட என்ன வேண்டும்? இலையிலுள்ள ஃபீனால் பொருள்களால் மாடு இதை விரும்புவதில்லை. அதையும் ஒரு நற்குணமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கொடியை விட்டுவிட்டு மரத்தழைக்குப் போனால், சவுண்டல் ஒரு வழியாகத் தோன்றும். இங்கே அதற்கு மண் ஒத்துவராது. ஜொகூரின் புளித்த மண்ணில் சுண்ணாம்பு போடாமல் அது தழைப்பதில்லை. போதாக்குறைக்கு 1980களில் ஒரு சிறு பூச்சி ஆசியா முழுக்க அதன் கொழுந்தை உறிஞ்சித் தீர்த்தது. கிளைரிசிடியா தேவலை: கிளையை ஒடித்து நட்டால் வேலியாகிவிடும். பச்சையாகப் போட்டால் வாடைக்கு மாடு முகத்தைத் திருப்பும். ஒரு பொழுது வாடவிட்டுப் போட்டால் தின்னும்.

நிலமும் மாடும் ஒருவர் கையிலேயே இருந்தால் கணக்கு மாறுகிறது. அரசின் பெல்டா நிலத்திட்டத்தில் பத்து ஏக்கர் பெற்ற குடியேற்றக்காரர் அப்படிப்பட்டவர். மலேசியச் செம்பனை வாரியம் இரட்டை வரிசை நடவு என்று ஒன்றைப் பரிந்துரைக்கிறது. மரத்தின் எண்ணிக்கையைக் குறைக்காமல் இரண்டிரண்டு வரிசையை நெருக்கி நட்டு, ஜோடிகளுக்கு இடையே சுமார் 15 மீட்டர் அகலத்தில் வெயில் விழும் தடம் விடுவது. அந்தத் தடத்தில் தீவனக் கொடியையும் புல்லையும் ஆண்டுக்கணக்கில் அறுக்கலாம். நட்ட மரத்தை நகர்த்த முடியாது, மறுநடவு 25 ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். கயிறு பிடித்து வரிசை போடும் நாளிலேயே மாட்டுக்கும் இடம் ஒதுக்கியாக வேண்டும்.

(தொடரும்)