தவறி எழுதிய விலையும் வாணிப நெறியும்

விற்பவரும் வாங்குபவரும் மனமொப்பி நடத்துவதே வாணிபம். திருமறையின் அந்நிஸா அத்தியாயம் 29-ஆம் வசனம், ஒருவர் பொருளை மற்றவர் தகாத வழியில் உண்பதை விலக்கிவிட்டு, இருவர் பொருத்தத்தோடு நிகழும் வாணிபத்திற்கு மட்டும் விலக்களிக்கிறது. கடைத்தெருவில் நேருக்கு நேர் நின்று பேரம் பேசிய காலத்தில் அந்தப் பொருத்தத்தை முகத்திலேயே படித்துவிட முடிந்தது. விற்பவர் யாரென்றே அறியாமல், கைப்பேசித் திரையை விரலால் தொட்டுப் பொருள் வாங்கும் இந்நாளில் அதனை எங்கே தேடுவது?

இக்கேள்வி நம் இல்லங்களுக்குள்ளேயே எழுந்து வருகிறது. இருபதாயிரம் ரூபாய் பெறுமானமுள்ள பொருள் ஓர் இணையக் கடையில் இருநூறு ரூபாய் என்று காட்டப்படுகிறது. பிள்ளைகள் நள்ளிரவில் அதனைக் கண்டு ஆர்டர் செய்கின்றனர், பணமும் கட்டியாகிவிடுகிறது. பொழுது விடிந்ததும், விலை தவறாகக் குறிக்கப்பட்டுவிட்டது, ஆகவே ஆர்டரை ரத்து செய்கிறோம் என்று கடையிலிருந்து செய்தி வருகிறது. வீட்டில் ஒரே கோபம். வாக்குத் தவறியவர் கடைக்காரரா? அல்லது, அவர் தராத சம்மதத்தைத் தந்ததாகக் கொண்டது நாமா?

சிங்கப்பூரில் 2003-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் நடந்த நிகழ்ச்சி ஒன்று இதற்கு நல்ல உரைகல். டிஜிலேண்ட்மால் என்னும் நிறுவனம் கம்ப்யூட்டர் சாதனங்களை வலைத்தளத்தின் வழியே விற்று வந்தது. விலைகளைப் பதிவு செய்யும் புதிய முறையை ஊழியர்களுக்குக் கற்பிக்கையில், பயிற்சிக்காக எழுதிய போலி எண்கள் எப்படியோ உண்மையான விற்பனைத் தளத்தில் ஏறிவிட்டன. 3,854 வெள்ளி விலையுள்ள லேசர் பிரிண்டர் 66 வெள்ளி என்று காட்டப்பட்டது. ஐந்து நாள்கள் அதனை எவரும் கவனிக்கவில்லை. 13-ஆம் தேதி பின்னிரவில் ஒரு நண்பர் குழு அதனைக் கண்டது. ஒருவர் மற்றவருக்குச் செய்தி அனுப்பினார். அவர் இன்னொருவருக்கு அனுப்பினார். அந்தப் பிரிண்டரின் உண்மை விலை என்ன என்று வேறு தளங்களில் தேடிப் பார்த்துக்கொண்டவர்களும் அவர்களில் உண்டு. ஆறு பேர் சேர்ந்து 1,606 பிரிண்டர்களுக்கு ஆர்டர் கொடுத்தனர். கொடுக்க வேண்டிய தொகை 1,05,996 வெள்ளி. பொருளின் பெறுமானமோ 61 இலட்சம் வெள்ளிக்கும் மேல்! விடிந்து கடைக்காரர் விழித்துக்கொள்வதற்குள் மொத்தம் 784 பேர் நாலாயிரத்துக்கும் அதிகமான பிரிண்டர்களைக் கேட்டிருந்தனர். வாங்குவது உறுதியாயிற்று என்று ஒவ்வொருவருக்கும் இயந்திரம் தானாகவே மறுமொழியும் அனுப்பியிருந்தது.

நிறுவனம் பொருளைத் தர மறுத்தது. ஆறு பேரும் வழக்குத் தொடுத்தனர். சட்டம் பயின்றவர்களும் அவர்களுள் இருந்தனர் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. 2004-இல் உயர்நீதிமன்றத்தில் வழக்கை விசாரித்த வி.கே. ராஜா, விலை பிழையானது என்று வாங்கியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது, ஆதலால் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்பளித்தார். 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனையே உறுதி செய்தது. தீர்ப்பு எதன்மேல் நிற்கிறது என்பதைப் பாருங்கள். கடைக்காரர் கவனக்குறைவாக இருந்தார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும், வாங்கியவர் நெஞ்சம் அந்த நேரத்தில் எதை அறிந்திருந்தது என்பதே வழக்கை முடித்து வைத்தது.

இச்செய்தியைப் படிக்கும்போது ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் குதிரை நினைவுக்கு வராமல் இராது. தொழுகையை நிலைநாட்டுவது, ஸக்காத்தைக் கொடுப்பது, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவது ஆகியவற்றின்மீது அன்னார் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் உறுதிமொழி அளித்தவர்கள். புகாரியில் இது பதிவாகியுள்ளது. அவர்களுக்காகப் பணியாள் ஒருவர் முந்நூறு திர்ஹத்துக்கு ஒரு குதிரையைப் பேசி முடித்து, பணம் பெற்றுக்கொள்ளும்படி உரிமையாளரையும் அழைத்து வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி) அவர்கள், இது முந்நூறுக்கு மேல் பெறுமே, நானூறுக்குத் தருகிறீரா என்று கேட்டார்கள். பின்னர் ஐந்நூறு என்றார்கள். இப்படியே ஏற்றிக்கொண்டு போய் எண்ணூறு திர்ஹம் கொடுத்து வாங்கினார்கள். தப்ரானி அறிவிக்கும் செய்தி இது. பேரம் முடிந்துவிட்டது, விற்றவர் முழு மனத்தோடு விற்றார், அங்கே பிழையுமில்லை, ஏமாற்றுமில்லை. அந்நிலையிலும், வாங்குபவராகிய தாம் அறிந்ததை விற்பவரும் அறிய வேண்டும் என்று அவர்கள் எண்ணினார்கள்.

இவ்வளவு உயர்ந்த நிலையை ஷரீஅத் எல்லார்மீதும் கடமையாக்கிவிடவில்லை. சந்தை நிலவரம் அறியாமல் ஒருவர் குறைத்து விற்றுவிட்டால், வஞ்சகம் கலவாதவரை அவ்விற்பனை நிலைத்ததுதான் என்பதே ஷாபிஈ, ஹனபி மத்ஹபுகளில் பொதுவாகக் கொள்ளப்படும் கருத்து. அளவு மீறிய நட்டத்தை 'கப்னு பாஹிஷ்' என்பர். உஸ்மானியப் பேரரசு தொகுத்த மஜல்லா என்னும் சட்டநூல் இதற்கு எண் கணக்கே வைத்தது: சரக்கில் இருபதில் ஒரு பங்கு, கால்நடையில் பத்தில் ஒரு பங்கு, நிலபுலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனாலும் நட்டம் பெரிது என்பதற்காக மட்டும் விற்பனையை முறிக்க அந்நூலும் இடந்தரவில்லை. ஹன்பலி மத்ஹபினர் சில வகைகளில் முறித்துக்கொள்ளும் உரிமையைத் தருகின்றனர். அதற்கு ஆதாரமான நபிமொழிகளில் ஒன்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிமில் வருவது. சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியிலேயே எதிர்கொண்டு, நகரத்து விலை தெரியாத நிலையில் அவர்களிடம் மலிவாக வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு எவரேனும் வாங்கிவிட்டால், சரக்குக்குரியவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்தபின் விற்பனையை வைத்துக்கொள்ளவோ முறிக்கவோ உரிமை உண்டு என்றும் அறிவித்தார்கள். ஒருவர் அறிந்தும் மற்றவர் அறியாமலும் நடந்த பேரத்தில், அறியாதவருக்கு அளித்த பாதுகாப்பு அது.

இணையக் கடையின் பிழையோ இன்னும் ஒரு படி அப்பாற்பட்டது. விலை தெரியாமல் குறைத்துச் சொல்வது வேறு. சொல்ல எண்ணியதே ஒன்றாயிருக்க, வாயோ கையோ தவறி மற்றொன்று வந்துவிடுவது வேறு. வாய் தவறிச் சொன்ன சொல்லால் நிகழும் விற்பனையை, நிர்ப்பந்தத்தால் செய்யப்படும் விற்பனையோடு வைத்துப் பேசுவர் ஹனபி உஸூல் நூலோர். வடிவத்தில் அது நிகழ்ந்தது; மனமொப்புதல் இன்மையால் குறையுடையது, 'பாஸித்' என்பது அவர்கள் வழக்கு. ஒரு புள்ளி இடம் மாறுவதாலும், இரண்டு பூஜ்யங்கள் விடுபடுவதாலும் ஏற்படும் விலைப்பிழை இந்த வகையைச் சேர்ந்ததே என்பது நம் கருத்து. 1999-இல் இங்கிலாந்தில் ஆர்கோஸ் நிறுவனம் 299 பவுன் தொலைக்காட்சிப் பெட்டியை 2.99 பவுன் என்று தன் தளத்தில் காட்டிவிட்டு, பின்னர் தர மறுத்ததும் இத்தகைய பிழைதான்.

அவ்வாறாயின் கடைக்காரர்மீது குற்றமே இல்லையா? உண்டு. சில வேளைகளில் அவர் பக்கமே குற்றம் மிகுதி. ஒரு ரூபாய்க்குக் கைப்பேசி என்று விளம்பரத்துக்காகவே விற்பனை நடத்திய நிறுவனங்களை நம் நாடு கண்டிருக்கிறது. பண்டிகைக் காலத்தில் எண்பது விழுக்காடு, தொண்ணூறு விழுக்காடு தள்ளுபடி என்று முழங்கி மக்களைப் பழக்கிவிட்டு, பிறகு ஒருநாள், இவ்வளவு மலிவு என்றால் பிழையாகத்தானே இருக்கும், உமக்குத் தெரியாதா என்று கேட்பது எந்த நியாயம்? வாங்குபவரின் அறிவைக் கலக்கியவரே அந்த அறிவைச் சாட்சிக்கு அழைக்கிறார்! கூட்டம் சேர்ப்பதற்காக வேண்டுமென்றே குறைந்த விலையைக் காட்டிப் பின்னர் ரத்து செய்வாராயின், அது பிழையன்று. மேலே உலர்ந்த தானியத்தைப் பரப்பி ஈரத்தை உள்ளே மறைத்த வணிகரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்களே, அந்த வஞ்சகத்தைச் சேர்ந்தது.

ஒடிசாவில் 2014-இல் சட்ட மாணவர் ஒருவர், 23,499 ரூபாய் மடிக்கணினி 190 ரூபாய்க்குக் கிடைப்பதாக அமேசான் தளத்தில் கண்டு ஆர்டர் செய்தார். சிறிது நேரத்தில், விலைப்பிழை என்று கூறி அது ரத்து செய்யப்பட்டது. வழக்கு நெடுநாள் நடந்து, மாநில நுகர்வோர் ஆணையம் 2021-இல் அவருக்கு இழப்பீடு அளிக்க உத்தரவிட்டது. 190 ரூபாய்க்கு மடிக்கணினி விற்க எவரும் மனமொப்ப மாட்டார் என்பது அம்மாணவருக்கும் தெரிந்திருக்கக் கூடியதே. ஆயினும், அவர் கேட்டது ஒன்றே ஒன்று. 1,606 கேட்டவர்களோடு அவரை ஒரே தட்டில் வைக்க மனம் வரவில்லை. கோடாக் நிறுவனமோ இங்கிலாந்தில் 329 பவுன் கேமராத் தொகுப்பை 100 பவுன் என்று தவறிக் காட்டிவிட்டு, முதலில் மறுத்து, 2002 ஜனவரி இறுதியில் சொன்ன விலைக்கே தர முன்வந்தது. நூறு பவுன் என்பது உண்மையான தள்ளுபடி என்று நம்பக்கூடிய விலை. நம்பி வாங்கியவர்களின் உரிமை அங்கே வலுவானது.

விற்பனை எப்போது முற்றுப்பெறுகிறது என்ற கேள்வியும் உண்டு. நாம் ஆர்டர் செய்வது வேண்டுகோள் மட்டுமே, பொருளை அனுப்பும்போதுதான் ஏற்கிறோம் என்று பல கடைகள் தம் விதிகளில் எழுதி வைத்துள்ளன. எழுதி வைத்து நாமும் ஒப்பினால் அது நிபந்தனைதான். தந்தி, டெலக்ஸ், கம்ப்யூட்டர் வழியே நேரில் சந்திக்காதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லும் என்று ஜித்தாவிலுள்ள பன்னாட்டு இஸ்லாமிய பிக்ஹு அகாடமி 1990-இலேயே முடிவு செய்துள்ளது. எனவே 'முகம் பாராத வாணிபம், நமக்கென்ன' என்று இரு தரப்பும் தட்டிக்கழிக்க வழியில்லை.

முகம் பாராததால் நேரும் மற்றொரு மயக்கமும் உண்டு. எதிரே இருப்பது ஒரு பெரிய நிறுவனம், அதற்கு இது கடலில் கரைத்த பெருங்காயம் என்று எண்ணிவிடுகிறோம். 2014 டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை மாலை, அமேசானின் இங்கிலாந்துத் தளத்தில் விற்போருக்கு விலைகளைத் தானாக மாற்றித் தரும் மென்பொருள் ஒன்று பழுதாயிற்று. ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆயிரக்கணக்கான பொருள்கள் ஒரு பென்னிக்கு விற்பனையாயின. அவற்றுக்கு உரியவர்கள் பெரும்பாலும் சிறு வணிகர்கள், குடும்பமாகத் தொழில் செய்வோர். பல ஆர்டர்கள் ரத்தாயின. எனினும் கிடங்கிலிருந்து அதற்குள் புறப்பட்டுவிட்ட சரக்கும் இருந்தது. பெருநாளைக்கு முன் கடன் வாங்கிச் சரக்கு சேர்க்கும் நம் ஊர்க் கடைக்காரரை நினைத்துக்கொண்டால் அவர்கள் நிலை புரியும். அவர்களுக்கும் அது கிறிஸ்துமஸ் விற்பனைக் காலம்.

செய்து முடித்த விற்பனையை, மற்றவர் வருந்தி வேண்டுகையில் முறித்துக் கொடுப்பதற்கு 'இகாலா' என்று பெயர். அதனை ஏற்பவரின் சறுக்கல்களை அல்லாஹ் மன்னிப்பான் என்னும் கருத்துப்பட அபூதாவூதில் நபிமொழி உண்டு. ஆகவே கடையிலிருந்து உடனடியாக வருத்தமும் பணமும் சேர்ந்து வருமானால் ஏற்றுக்கொள்வது அழகு. வாரக்கணக்கில் பணத்தைப் பிடித்து வைத்திருப்பவரிடம் உரிமையோடு கேட்டு வாங்குவதும் தவறன்று. வாங்குபவர் ரத்து செய்தால் கட்டணம் பிடிக்கும் கடை, தான் ரத்து செய்யும்போது அதுபோன்ற கட்டணத்தைத் தானும் ஏற்காவிடில், அவ்வாறு பிடிக்கக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் நம் நாட்டில் கூறுகின்றன.

கடைக்காரர் கவனிக்காமலே பொருள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்டால்? பிழை என்று தெரிந்தே வாங்கிய வீட்டார் அதனைப் பிரிக்காமல் வைத்து, விலை தவறாக உள்ளது, பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்கிறீர்களா, மீதியைக் கட்டவா என்று கடைக்கு எழுதிக் கேட்க வேண்டும். சில கடைகள் திருப்பி எடுக்கும் செலவை எண்ணி, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் எழுதிவிடுவதுண்டு. அவ்வாறு எழுதிவிட்டால் அது அன்பளிப்பாகிவிடும். அதன்பின் பெட்டியைப் பிரிக்கத் தடையேதுமில்லை.