காலுக்கு ஒரு கடிவாளம்

காப்பி ஃபில்டரின் துளைகள் சின்னவையாக இருப்பதால்தானே டிகாக்‌ஷன் அவசரப்படாமல் சொட்டுகிறது? ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி தன் கார்களில் இதே யுக்தியைக் கையாண்டது!

கிளச் பெடலை மிதித்தால் எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் உள்ள தொடர்பு விட்டுப் போகிறது. காலை எடுத்தால் சேர்ந்துகொள்கிறது. காலின் கட்டளையைக் கிளச்சுக்குக் கொண்டு போவது குழாயில் உள்ள ஒரு திரவம். அந்தக் குழாயின் வழியில் சிறு துளையுள்ள வால்வு ஒன்றை வைத்தார்கள். காலைச் சடக்கென்று எடுத்தாலும் திரவம் மெதுவாகத்தான் திரும்பும். கிளச்சும் நிதானமாகவே பற்றும். வண்டி குலுங்காது. பற்சக்கரங்களும் அச்சும் அதிர்ச்சியிலிருந்து தப்பும்.

நல்ல காரியந்தானே என்கிறீர்களா? தகராறே இங்கேதான்! கைதேர்ந்த ஓட்டுநர் கண்ணிமைக்கும் நேரத்தில் கியரை மாற்றி ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறார். வால்வு விட்டால்தானே? கிளச் பற்றியும் பற்றாமலும் வழுக்குகிறது. தட்டு சூடேறித் தேய்கிறது. எந்த இடத்தில் பற்றுகிறது என்பதும் காலுக்குச் சரியாகப் புலப்படுவதில்லை.

ஆகையால், 1998 முதல் 2006 வரை விற்பனையான 'ஈ 46' என்ற 3 ஸீரீஸ் கார்களை வைத்திருக்கும் வேகப் பிரியர்கள் பலர் இந்த வால்வைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். பெடல் சொன்ன பேச்சைக் கேட்கிறது, வாஸ்தவந்தான். ஆனால் இனிப் பொறுப்பெல்லாம் காலுடையது. கால் அவசரப்பட்டால் அடி வாங்குவது பற்சக்கரங்கள். செலவு வாங்குவது வீட்டுப் பணப்பெட்டி.

கழற்றியது சரியா என்று பக்கத்து ஸீட்டில் இருப்பவரைக் கேட்டால் தெரியும். கியர் மாறும்போதெல்லாம் அவர் தலை முன்னும் பின்னும் ஆடுகிறதா? வால்வை மறுபடி மாட்டிவிடுவதே உத்தமம்!