ஆறாம் வகுப்புக்கு ஒரு எட்டு!

உஷ்! செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுப் பூனைநடை போட்டு வாருங்கள். கடைசி பெஞ்சில் இடம் இருக்கிறது. ஐந்தாவது வரை பெரும்பாலும் ஒரே டீச்சர். இங்கேயோ மணி அடிக்க அடிக்க ஆள் மாறுகிறார்! தமிழய்யா போனதும் கணக்கு டீச்சர், அவர் போனதும் அறிவியல் சார். தமிழகத்தில் நடுநிலை வகுப்புகள் தொடங்குவது இந்த ஆறாவதில்தான். ஆண்டுக்கு மூன்று பருவம், பருவத்துக்கொரு புதுப் புத்தகக் கட்டு. 2018-இல் வந்த பாடநூல்களில் முதல் பருவத்தைப் புரட்டினால் ஒரு கள்ளத்தனம் பிடிபடுகிறது. அநேகமாக எந்தப் பாடமானாலும் பிள்ளைகளை எதையாவது அளக்க வைத்துவிடுகிறார்கள்!

முதலில் தமிழ். இங்கே ஒலியை அளக்கிறார்கள், சாமி! கண் இமைக்கிற நேரம், கை நொடிக்கிற நேரம் ஒரு மாத்திரை. குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, மெய்க்கு அரை. அவ்வளவுதான், வகுப்பு முழுக்க ஒரே சொடக்குச் சத்தம். 'அம்மா' மூன்றரை. 'அப்பா'வும் மூன்றரை, சண்டை இல்லை. 'பாட்டி'? அதே மூன்றரை. 'தாத்தா' மட்டும் நாலரை! தாத்தா செல்லங்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கணக்கில் லட்சம், கோடியோடு மில்லியனும் வந்து நிற்கிறது. கூடவே இயற்கணிதம் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. ஒரு முக்கோணத்துக்குத் தீக்குச்சி 3. அப்படியானால் எக்ஸ் முக்கோணங்களுக்கு? 'எக்ஸ் என்றால் எத்தனை சார்?' என்று ஒரு குரல் கேட்காமல் இந்தப் பாடம் நகராது.

இதோ, எல்லாரும் காத்திருந்த அறிவியல்! அளவுசாடியில் 50 மில்லி தண்ணீர். நூலில் கட்டிய கல் ஒன்று உள்ளே இறங்குகிறது. ஒருத்தி மேலிருந்து எட்டிப் பார்த்து '63' என்கிறாள். தரையில் உட்கார்ந்தவன் அண்ணாந்து பார்த்து '61' என்கிறான். கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்தவளுக்கு 62. அவள்தான் சரி! கல்லின் கன அளவு 12 கன சென்டிமீட்டர். மற்ற இருவரையும் ஏமாற்றியதன் பெயர் இடமாறு தோற்றப் பிழை. நெளிந்து வளைந்த கல்லை ஸ்கேலால் அளக்க முடியாது. தண்ணீர் அளந்து கொடுத்துவிட்டது.

சமூக அறிவியலிலாவது ஸ்கேலுக்கு ஓய்வு உண்டா? சிந்துவெளிப் பாடம் வந்ததும் போச்சு! குஜராத்தின் லோத்தலில் தந்தத்தால் செய்த அளவுகோலே கிடைத்திருக்கிறது. கோட்டுக்குக் கோடு சுமார் 1.7 மில்லிமீட்டர்தான். ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து நம் ஸ்கேலின் இரண்டு சின்னக் கோடுகளைப் பாருங்கள். நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆள் ஏறக்குறைய அந்த நுணுக்கத்தில் கோடு கிழித்திருக்கிறார்! புவியியல் பக்கம் போனால் அளவு அப்படியே ஆகாயத்துக்குத் தாவுகிறது. சூரிய ஒளி நம்மிடம் வந்து சேர எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகிறது. அதாவது இடைவேளையில் முகத்தில் அடிக்கிற வெயில், பாடம் முடியுமுன்பே சூரியனை விட்டுக் கிளம்பியாயிற்று!

கிளம்புமுன் இன்னொரு சங்கதி. பருவத் தேர்வுக்கு 60 மார்க்தான். மீதி 40 மார்க் ஆடி ஓடிச் செய்கிற வகுப்பறை வேலைகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும். ஆகவே வீட்டில் ஆறாவது படிக்கிற வாண்டு இருந்தால், சமையலறை டம்ளருக்கும் தையல் பெட்டி டேப்புக்கும் இனி உத்தரவாதம் கிடையாது. திட்டாதீர்கள், எல்லாம் அந்த 40 மார்க் படுத்தும் பாடு!