கன்று வேண்டாம், கொட்டை போதும்

ஸ்டாலின்கிராட் மெற்றோ நிலையத்திலிருந்து லா சப்பல் பக்கமாக நடப்பவரின் தலைக்கு மேலே இரண்டாம் தடத்தின் இரும்புப் பாலம் கூடவே வரும். ஒரு புறம் கார் து நோர் தண்டவாளங்கள், மறு புறம் கார் து லெஸ்ட் தண்டவாளங்கள். நடுவில் நெருக்கிக் கட்டிய தொடர்மாடிகள். பழைய தொடருந்து நிலத்தை மீட்டு 2007இல் திறந்த எயோல் பூங்காவை விட்டால் இந்தப் பகுதியில் நிழலுக்கு ஒதுங்க அதிக இடமில்லை. 2019 யூலை 25 அன்று பாரிஸில் வெப்பம் 42.6 பாகையைத் தொட்டபோது நிழலின் விலை எல்லோருக்கும் விளங்கியது. லா சப்பலில் கடையும் தொழிலும், லா கூர்நோவ், திரான்சி, சார்செல் பக்கம் வீடும் என்று வாழும் தமிழர்கள் பலருக்கு இப்போது நாலு முழமாவது சொந்த வளவு இருக்கிறது. அதில் என்ன நடலாம் என்றால் தொட்டியில் ஒலிவ், வேலிக்கு லோரியே, மூலையில் மூங்கில், பெரிய கடையில் வாங்கிய ஈச்சை என்று பதில் வருகிறது. இந்த மண்ணுக்கே உரிய ஓக், கருவாலி என்று அகராதி சொல்லும் மரம், யார் நினைவுக்கும் வருவதில்லை. இடம் உள்ளவர்கள் நட வேண்டியது அதைத்தான். அதையும் கன்றாக வாங்காமல் கொட்டையாகப் பொறுக்கி நட வேண்டும்.

ஓக் நடுவது நமக்குப் புதுக் கலை இல்லை. யாழ்ப்பாணத்து வேலியில் கிளுவையும் பூவரசும் கதியாலாக வெட்டி ஊன்றினால் போதும், வேர் விட்டுவிடும். பனை அப்படி வராது. பனங்கொட்டையை நிற்க வேண்டிய இடத்திலேயே புதைக்க வேண்டும். மேலே இலை தெரியுமுன் அது கீழே கிழங்கை இறக்கிவிடும், பிறகு பிடுங்கி வேறிடத்தில் வைத்தால் பிழைப்பது அரிது. ஓக்கின் இயல்பும் இதுவே. இலையுதிர் காலத்தில் விழுந்த கொட்டை முதலில் ஆணிவேரைத்தான் விடும். இலை வருவது அடுத்த வசந்தத்தில். முதல் ஆண்டு முடிவில் மேலே ஒரு சாண் தண்டு நின்றால் கீழே அதைவிட நீளமாக வேர் ஓடியிருக்கும். நாற்றுப் பண்ணையில் தொட்டிக்குள் நாலைந்து ஆண்டு சுருண்டு கிடந்த வேர் அந்த ஆழத்தை எளிதில் மீட்பதில்லை. ஆளுயரக் கன்றை நூற்றைம்பது யூரோவுக்கு வாங்கி வைத்துவிட்டு, இரண்டு கோடை கழித்து அது காய்ந்து நிற்பதைப் பார்ப்பவர்கள் மண்ணைக் குறை சொல்கிறார்கள். குறை பெரும்பாலும் அந்த வேரில்தான் இருக்கும்.

உள்ளூர் ஓக் என்பதில் ஒரு எச்சரிக்கை வேண்டும். இலையின் மடல்கள் ஊசியாக முடிந்து, இலையுதிர் காலத்தில் பளிச்சென்று சிவந்தால் அது வட அமெரிக்காவின் சிவப்பு ஓக். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே வந்தது. வட பிரான்சுக்கே உரிய ஓக்கில் மடல்கள் வட்டமாக இருக்கும். அவற்றில் பாரிஸைச் சுற்றி முக்கியமானவை இரண்டு. கொட்டை நீண்ட காம்பில் தொங்கினால் பெதோங்குலே, கிளையோடு ஒட்டியிருந்தால் செசில். முன்னது ஈரமான கனத்த மண்ணை விரும்பும், பின்னது வறட்சியை ஓரளவு தாங்கும். இந்த இரண்டையும் நம்பி வாழும் உயிர்களின் பட்டியல் நீளமானது. பிரிட்டனில் எடுத்த கணக்கு, பூஞ்சை முதல் பறவை வரை சுமார் 2,300 இனங்கள் இவற்றைப் பயன்படுத்துவதாகவும், அவற்றில் 300க்கு மேற்பட்டவை வேறு மரத்தில் வாழவே இயலாதவை என்றும் சொல்கிறது. லோரியே வேலியில் ஒரு புழுவைத் தேடிப் பாருங்கள். புழு இல்லாத இடத்தில் குஞ்சுக்கு ஊட்ட எந்தப் பறவை கூடு கட்டும்?

அயல் மரம் வெறுமனே பயனற்று நின்றால் இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. கன்றோடு கூட வருவதுதான் அச்சம். 1996இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான தெற்கின் கனால் து மிதியின் கரைகளில் 42,000 பிளாத்தான் மரங்கள் நின்றன. 2006இல் அங்கே ஒரு பூஞ்சை நோய் தெரிந்தது; அதன்பின் பல்லாயிரம் மரங்களை வெட்டி எரிக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் வெடிபொருட்கள் வந்த மரப்பெட்டிகளின் பலகையில் அந்தப் பூஞ்சை வந்து சேர்ந்தது என்பதே ஏற்கப்பட்ட விளக்கம். ஒரு பலகை போதுமாக இருந்திருக்கிறது. கிழக்காசியப் பூஞ்சையொன்று ஐரோப்பாவின் ஆஷ் மரங்களை நுனியிலிருந்து காய வைக்கிறது. 2008இல் அது பிரான்சில் கண்டறியப்பட்டது. 2012இல் பிரிட்டனில் முதலில் பிடிபட்டது இறக்குமதியான நாற்றுகளில்தான். இத்தாலியின் புலியாவில் 2013இல் தெரிந்த சைலெல்லா என்ற பாக்டீரியா, நூற்றாண்டுகள் கண்ட ஒலிவ் தோப்புகளை விறகாக்கியது. 2015இல் கோர்சிக்காவிலும் அது இருப்பது தெரிந்தது. ஒவ்வொரு முறையும் நல்ல எண்ணத்தோடு யாரோ ஒருவர் ஒரு செடியையோ ஒரு கட்டையையோ ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துப் போயிருக்கிறார்.

நம் வீட்டுக் கதையும் இதில் இருக்கிறது. ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலைக் கன்றைப் பயணப் பெட்டியில் வைப்பதை நாம் குற்றமாக நினைப்பதில்லை, பாசம் என்கிறோம். அந்தத் தளிரில் வாழும் சிறு சாறுறிஞ்சிப் பூச்சி ஒன்று உண்டு. புளோரிடாவின் தோடந்தோட்டங்களை நாசமாக்கிய பச்சையாதல் நோயைப் பரப்புவது அதுதான். மத்தியதரைக் கரையில் தோடையையும் எலுமிச்சையையும் நம்பி வாழும் குடும்பங்கள் எத்தனை! 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் உயிருள்ள செடியைக் கொண்டுவர நோயின்மைச் சான்றிதழ் கட்டாயம். ஆனால் சட்டம் பெட்டியைத் திறந்து பார்க்கும் ஒரு நிமிடம் மட்டுமே வேலை செய்யும். மிச்ச நேரமெல்லாம் நம் மனச்சாட்சிதான் காவல். பத்து கிலோமீற்றர் தொலைவில் தானாக விழுந்த ஓக் கொட்டைக்கு இந்த ஆபத்து இல்லை. அதனுள் ஏதேனும் நோய் இருந்தாலும் அது இந்த மண் ஏற்கெனவே அறிந்த நோயாகத்தான் இருக்கும்.

இனி மறுப்புகள். நாம் இருக்கும்போது அது மரமாகாதே என்பது முதலாவது. தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்ற பழமொழியைச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். பார்க்க மட்டும் கிடைக்கும் என்று தெரிந்தும் பனை நட்டோம். ஓக் முதல் கொட்டை விழுத்தவே ஏறக்குறைய நாற்பது ஆண்டாகும். 2019 ஏப்ரலில் நோத்ர தாம் கூரை எரிந்தபின் அதைத் திருப்பிக் கட்ட ஏறத்தாழ 2,000 ஓக் மரங்கள் வேண்டியிருந்தன. கோபுரத்தின் அடித்தளத்துக்கென 2021 மார்ச்சில் பெர்சே காட்டில் வெட்டப்பட்டவை இருநூறு ஆண்டு கடந்தவை. அவற்றை நட்டு வளர்த்த கைகளுக்கு அந்தத் தீயைப் பற்றி எதுவும் தெரியாது. வெப்பம் கூடும் காலத்தில் உள்ளூர் ஓக் தாங்காது, தெற்கத்திய இனங்களைக் கொண்டுவருவதே வழி என்று வாதிடும் வனவியலாளரும் உண்டு. பெருங்காடுகளுக்கு அது பொருந்தலாம். ஆழ வேர் விட்ட செசில் ஓக்கை அதற்குள் கைவிட வேண்டியதில்லை.

இடப் பிரச்சினைதான் உண்மையில் கடினமானது, அதை மழுப்பக் கூடாது. பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தின் 671ஆம் பிரிவு, வேறு உள்ளூர் விதி இல்லாவிட்டால், இரண்டு மீற்றருக்கு மேல் வளரும் மரத்தை எல்லையிலிருந்து இரண்டு மீற்றராவது தள்ளி நடச் சொல்கிறது. எல்லை தாண்டும் கிளையை வெட்டச் சொல்ல 673ஆம் பிரிவு அயலவருக்கு உரிமை தருகிறது. இது எளிது. களிமண்தான் சிக்கல். பாரிஸைச் சுற்றிய பல ஊர்களில் கோடையில் களி சுருங்கி வீட்டுச் சுவர் வெடிக்கிறது. பெரிய மரம் நீரை உறிஞ்சி அதைக் கூட்டும். அப்படிப்பட்ட மண்ணில் மரம் வளரப்போகும் உயரத்தின் அளவுக்காவது வீட்டிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். ஓக் இருபது முப்பது மீற்றர் போகும் என்பதால் பல வளவுகள் இந்தக் கணக்கில் தேறாது. தேறாத வளவில் நடாதீர்கள். ஆனால் வளர்ப்பதற்கு வளவு எதற்கு? ஸ்டாலின்கிராட்டில் நாலாம் மாடிப் பல்கணியில் இரண்டு சாண் ஆழமுள்ள தொட்டியில் முளைக்க வைத்து, வேர் சுருளும் முன் முதல் குளிர்காலத்திலேயே இடமுள்ள உறவினரின் வளவுக்கோ, சங்கத் தோட்டத்துக்கோ, பள்ளி வளாகத்துக்கோ, அனுமதி பெற்றுக் கொடுக்கலாம். நட்ட இடத்திலேயே முளைத்ததற்கு அது ஈடாகாது. பண்ணைக் கன்றைவிட எவ்வளவோ மேல்.

வேலை சிறியது. கொட்டை விழத் தொடங்கியதும் முதலில் விழுபவற்றை விட்டுவிட வேண்டும், அவற்றில் வண்டு துளைத்தவை அதிகம். அடுத்து விழுபவற்றில் கனமானவற்றைப் பொறுக்கி நீரில் போட்டால் மிதப்பவை சொத்தை, அமிழ்பவை நல்லவை. காய விடக் கூடாது. ஓக் கொட்டை காய்ந்தால் செத்துவிடும். நெல் போல எடுத்துவைக்கும் விதையல்ல அது. இரண்டு மூன்று விரற்கடை ஆழத்தில் படுக்கையாக வைத்து மூடி, எலியும் அணிலும் கிளறாதபடி மேலே கம்பிவலை போட்டால் போதும். ஊர் விடுமுறை முடிந்து ஆகஸ்ட் கடைசியில் வீடுகளில் பெட்டிகள் திறக்கப்படும்போது வன்சேன் காட்டில் ஓக் கொட்டைகள் இன்னும் பச்சையாகக் கிளையிலேயே இருக்கும். ஐந்தாறு வாரம் பொறுத்து, ஒரு ஞாயிறு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு துணிப்பையோடு போகலாம். அந்தப் பருவத்தில் ஆயிரக்கணக்கான கொட்டைகளைப் பொறுக்கி மண்ணுக்குள் ஒளித்துவைக்கும் ழே பறவைகள் அங்கே முன்கூட்டியே வந்திருக்கும்.